ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டைப் பழுதுபார்க்கப் போகிறீர்களா? கிரான் (நில உரிமைப் பத்திரம்) முதல் கடைசிப் பூச்சு வரை

லெபோ பாசாரிலோ லெபோ குயீனிலோ பாட்டனார் காலத்துக் கடைவீடு ஒன்று உங்கள் பங்குக்கு வந்திருக்கலாம். அல்லது லெபோ சூலியா பக்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து உணவகம் வைக்க நினைத்திருக்கலாம். எதுவானாலும் முதல் வாரத்திலேயே ஆள் கூப்பிட்டுச் சுவரை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பணம் கரைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, கையெழுத்து முழுமையாக இல்லாத காகிதம். இன்னொன்று, சிமெண்ட் பூசிய சுவர். இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே சரிபார்த்துவிட்டால் மீதியெல்லாம் பொறுமையின் கணக்கு.

இங்கே சொல்லப்படுவது செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடும் கொண்ட நகரக் கடைவீட்டுக்கான முறை. மலாக்காவின் அயர் கெரோவில் உள்ள தாமான் மினி மலேசியாவில் மாநிலவாரியாக நிற்கின்றனவே, தூண்மேல் எழுப்பிய மரவீடுகள், அவற்றைப் பழுதுபார்க்கும் வழி வேறு. அந்த வழிமுறைகளை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டாம்.

1. வீடு எந்த எல்லைக்குள், எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள்

2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகுதிக்கு இரண்டு வட்டங்கள் உண்டு. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். காப்புப் பகுதியில் இருந்தால் விதி இல்லை என்று வீட்டு ஏஜெண்டுகள் சொல்வதை நம்பாதீர்கள். 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இரண்டையுமே கட்டுப்படுத்துகிறது.

அடுத்து வகை. முதல் வகை என்பது மிக உயர்ந்த மதிப்புள்ள நினைவுச்சின்னங்கள். சாதாரணக் கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில் வரும். காலி மனை, மதிப்பில்லாத பிற்காலக் கட்டடம் ஆகியவற்றுக்குத் தனி வகைகள் உண்டு. பினாங்கு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பாதுகாப்புத் துறையில் நிலத்தின் லாட் எண்ணைக் கொடுத்து, உங்கள் கட்டடம் எந்த வகை என்று கேளுங்கள். கதவு எண்ணை மட்டும் கொண்டுபோனால் வேலை நடக்காது. ஒரே லாட்டில் இரண்டு கதவு எண்கள் இருப்பதும், பழைய எண்ணும் புதிய எண்ணும் குழம்புவதும் அங்கே சகஜம்.

இரண்டாம் வகை என்றால் முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதும், உள்ளே இஷ்டம்போல் செய்யலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கூரையின் வடிவம், இரு பக்கத்துப் பொதுச் சுவர்கள், நடுவில் உள்ள ஏர்வெல் (மேலே திறந்த உள்முற்றம்), அஞ்சடி (முகப்பை ஒட்டிய கூரையுள்ள நடைபாதை) எல்லாமே கணக்கில் வரும். ஏர்வெல்லை மூடி ஓர் அறை கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாடகை பேசாதீர்கள்.

2. கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று உறுதிசெய்யுங்கள்

நில அலுவலகத்தில் அதிகாரபூர்வ கிரான் தேடல் எடுங்கள். உரிமையாளர் கொடுக்கும் பழைய ஃபோட்டோஸ்டாட் நகல் போதாது. கிரானில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படித்துப் பாருங்கள்.

இறந்துபோனவர் பெயர் இன்னும் கிரானில் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். வாடகையை இத்தனை ஆண்டுகளாக வாங்கி வரும் மூத்த மகனுக்கும் சம்மதக் கடிதம் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் இருக்காது. வாரிசுரிமை முடிந்து பெயர் மாறியிருக்க வேண்டும், அல்லது சொத்தை நிர்வகிக்க நியமனம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருந்தால் மாதங்கள் ஓடும். ஆகவே இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனில் நிறைய கடைவீடுகள் தனியார் கையில் இல்லை. வக்ஃபு, சீனர் கொங்சிகள் (குலச் சங்கங்கள்), கோயில் அறக்கட்டளைகள் என்று உரிமை பரவியிருக்கிறது. அறக்கட்டளைச் சொத்தென்றால் தலைவர் ஒருவரின் வாய்ச்சொல் போதாது. யார் கையெழுத்திடலாம் என்ற கூட்டத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து வாங்குங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு ஆண்டு, மேலும் ஓர் ஆண்டு நீட்டிப்பு என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கூரைக்கும் சுவருக்கும் லட்சக்கணக்கில் செலவழிப்பார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் உரிமையாளர் வாடகையை ஏற்றிவிடுவார், அல்லது இடத்தைத் திருப்பிக் கேட்பார். தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்டது லீஸ். அதை நில அலுவலகத்தில் கிரான்மேல் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்குள் அடங்கும் வாடகையையும் கிரானில் குறிப்பாக ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் குறிப்பு இல்லையென்றால் வீடு கைமாறும்போது புதிய உரிமையாளரை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதையும் விடாதீர்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் கட்ட வேண்டும்.

அமைப்புப் பழுது, அதாவது கூரை, உத்தரம், பொதுச் சுவர், யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். அனுமதி வரும்வரையும் வேலை முடியும்வரையும் வாடகை இல்லாத காலம் கேளுங்கள். பழைய வீட்டு உரிமையாளர்கள் பலர் இதற்கு இணங்குவார்கள். ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

3. காகிதக் கட்டைத் தயார்செய்யுங்கள்

- கிரான் நகலும் அதிகாரபூர்வத் தேடல் தாளும்
- நடப்பு ஆண்டின் நிலவரி ரசீது, கதவுவரி ரசீது. பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள்
- உரிமையாளர் அடையாள அட்டை நகல், சம்மதக் கடிதம். உரிமையாளர் கம்பெனி என்றால் அதன் பதிவுக் காகிதமும் தீர்மானமும்
- இட வரைபடம், இருக்கும் நிலையைக் காட்டும் அளவு வரைபடம், செய்யப்போவதைக் காட்டும் வரைபடம்
- முகப்பு, அஞ்சடி, கூரை, ஒவ்வோர் அறை, பக்கத்து வீடுகளின் முகப்பு ஆகியவற்றின் படங்கள்
- கட்டட நிலை அறிக்கை

வரைபடங்களைச் சமர்ப்பிப்பவர் மலேசியக் கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், இதற்கு முன் பாரம்பரிய வட்டத்தில் எந்தெந்த வீடுகளைச் செய்திருக்கிறார் என்று கேட்டு, அந்த வீடுகளுக்கே போய் அடிச்சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வர்ணம் கொப்பளித்திருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். கூரையையோ தளத்தையோ தொடுவதென்றால் பொறியாளரும் தேவை.

பூச்சு எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழக்கப்படுத்த லெபோ லீத்தில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையின் நீலச் சுவர்களைப் பாருங்கள். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்தது. 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாதுகாப்பு விருது பெற்ற வேலை. பிளாஸ்டிக் வர்ணத்தின் பளபளப்பு அதில் இருக்காது.

4. வீட்டை ஒருமுறை மழையிலும் ஒருமுறை வெயிலிலும் பாருங்கள்

நிலை அறிக்கையை வேறொருவர் எழுதினாலும் நீங்கள் கூடவே நடந்து போங்கள். கையில் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் ஒரு நாணயமும் இருந்தால் போதும்.

நாணயத்தால் பூச்சைச் சுரண்டுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மாவாக உதிரும், கோடு ஆழமாக விழும். சிமெண்டில் நாணயத்தின் உலோகக் கறைதான் ஒட்டும். எந்தச் சுவரில், எந்த உயரம் வரை சிமெண்ட் பூசியிருக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செலவில் பெரும்பகுதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். செங்கால் மரம் நடுவில் நூறு ஆண்டு கழித்தும் இரும்பாக நிற்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் மக்கும். சுவரை ஒட்டி ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் தாராளமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது என்று பொருள்.

கூரையில் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி ஓடும் மழைநீர்ப் பீலியைப் பார்க்காமல் இறங்காதீர்கள். மாடியில் ஒழுகும் பெரும்பாலான வீடுகளில் ஓடு குற்றவாளி அல்ல, பீலிதான். பின்கட்டுச் சாய்ப்பில் பழைய நெளி ஷீட் இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீர்கள். அதை எடுக்கவும் கொட்டவும் தனி விதி உண்டு.

பக்கத்து இரண்டு வீடுகளுக்குள்ளும் அனுமதி கேட்டுப் போய், இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். பின்னால் சண்டை வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தான்.

5. அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்

இருப்பதை இருந்தபடியே பழுதுபார்ப்பதற்கு ஒரு பாதை; பயன்பாட்டை மாற்றுவதற்கோ கட்டடத்தை மாற்றுவதற்கோ வேறு பாதை. வீடாக இருந்ததை உணவகமாகவோ தங்கும் விடுதியாகவோ மாற்றினால் திட்ட அனுமதி, கட்டட வரைபட அனுமதி, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் என்று அடுக்கு கூடும். விண்ணப்பம் மாநகர் மன்றத்தின் ஒன் ஸ்டாப் சென்டர் வழியாகப் போகும். பாரம்பரிய வட்டத்து வேலைகளைத் தொழில்நுட்ப ஆய்வுக் குழுவும் பார்க்கும்.

முழு விண்ணப்பம் போடுவதற்கு முன் வரைபடத்தோடு போய் அதிகாரிகளிடம் பேசுங்கள். முன்பேச்சில் ஒரு மணி நேரம் செலவழித்தால், பின்னால் திருத்திக் கொடு என்று திரும்பும் சுற்று ஒன்று மிச்சமாகும். காலதாமதத்தின் முக்கியக் காரணம் அலுவலகம் அல்ல. பொருளின் விவரம் எழுதாத வரைபடம். புதிய பூச்சு என்று மட்டும் எழுதாமல் என்ன சுண்ணாம்பு, என்ன விகிதம், எத்தனை கோட் என்று எழுதச் சொல்லுங்கள்.

காலக் கணக்குக்கு, காகிதம் முழுமையாக இருந்தாலும் பெரிய வேலைக்கு அரை ஆண்டையாவது அனுமதிக்கென்று ஒதுக்குங்கள். சாரம் கட்டவும், தெருவில் குப்பைத் தொட்டி வைக்கவும் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சாரம் நின்றாலும் அஞ்சடியில் ஆள் நடக்க வழி இருக்க வேண்டும்.

6. செலவை இப்படிப் பிரியுங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணில் விலை சொல்லும் கான்ட்ராக்டரை நம்ப வேண்டாம். பழைய வீட்டில் பூச்சை உரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கூரை, மரம், பூச்சு, தரை, மின்சாரம், தண்ணீர் என்று தனித்தனியாக அளவும் விலையும் வாங்குங்கள். உத்தர முனை ஒன்றை மாற்ற எவ்வளவு, பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்ற ஒற்றை விலைகள் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வேலை கூடும்போது பேரம் பேச வேண்டியிருக்காது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத வேலைக்கென்று தொடாமல் வைத்திருங்கள்.

கான்ட்ராக்டர் சிஐடிபியில், அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், பதிந்திருக்க வேண்டும், வேலையாட்களிடம் அந்த வாரியத்தின் பதிவு அட்டையான கிரீன் கார்டு இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொகை 5 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் சிஐடிபிக்கு 0.125 விழுக்காடு தீர்வை உண்டு. 6 லட்சம் வெள்ளி வேலைக்கு 750 வெள்ளி. தொகை சிறியதுதான். ஆனாலும் அதை யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டால் வாக்குவாதம் வரும்.

7. கூரையை முதலில் முடியுங்கள்

மேலே ஒழுகும்போது கீழே பூசுவது வீண். பினாங்கில் மழை மிகுந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் காய்ந்தவை. ஓடு பிரிக்கும் வேலையை டிசம்பர் கடைசியில் தொடங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சீனப் புத்தாண்டுக்கு ஆட்கள் ஊருக்குப் போவார்கள், தைப்பூசத்துக்கு இரதம் போகும் தெருக்களில் லோரி நுழையாது. இரண்டையும் அட்டவணையில் முன்பே குறியுங்கள். லிட்டில் இந்தியாவில் என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாமான் இறக்குவதும் சிரமம்.

பழைய ஓடுகளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். தேறிய பழைய ஓடுகளைத் தெருவைப் பார்த்த சரிவில் போடுங்கள். புதியவை பின் சரிவுக்குப் போகட்டும். முகப்பின் நிறம் கெடாது. பீலியைத் துருப்பிடிக்காத எஃகிலோ செம்பிலோ செய்யுங்கள். தண்ணீர் இறங்கும் வாய்க்குச் சருகு அடைக்காத வலை போடுங்கள்.

8. சுவர்: இங்கே அவசரப்படாதீர்கள்

பழைய செங்கல் மென்மையாகச் சுட்டது, ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். நிலத்தடி ஈரம் சுவருக்குள் ஏறுவதும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்வதும் அந்த வீட்டின் இயல்பு. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கடலோர ஊர் என்பதால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். காயும் இடத்தில் உப்பு படிகமாகி விரியும்போது செங்கல்லின் முகத்தையே பொரித்து உதிர்க்கும். ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, தடுக்க ஒரு மீட்டர் உயரத்துக்குச் சிமெண்ட் பூசிய சுவரில், சில ஆண்டுகளில் ஒன்றரை மீட்டரில் உப்புப் பூப்பது இதனால்தான்.

செய்யும் வரிசை இது. சிமெண்டை உளியாலும் சுத்தியலாலும் கையால் எடுக்கச் சொல்லுங்கள். மெஷின் வைத்தால் செங்கல்லின் தோலும் கூடவே வரும். ஈரக்கோட்டுக்கு மேலும் அரை மீட்டர் வரை எடுங்கள். வெளியே பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பிறகு சுவரை வெறுமையாகக் காய விடுங்கள். செங்கல் சுவர் மாதத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் காயும் என்பது பொதுக் கணக்கு. பினாங்கின் ஈரக்காற்றில் அதைவிட மெதுவாகத்தான் நடக்கும். பொறுமை உடைந்து தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். வாடகை ஓடுகிறதே என்று மூன்றாம் வாரம் பூசினால் அடுத்த ஆண்டு அதே சுவரை மறுபடி உரிக்க வேண்டியிருக்கும். உப்பு மிகுதியாக இருந்தால் முதலில் ஒரு மலிவான சுண்ணாம்புப் பூச்சைப் போட்டு, அது உப்பை உறிஞ்சிய பின் எடுத்துவிட்டு, உண்மையான பூச்சைத் தொடங்கலாம்.

கலவை: நன்றாக நீறி ஊறிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. விழுது மணலின் இடைவெளிக்குள் அடங்கிவிடும், ஆகவே கலவையின் அளவு ஏறக்குறைய மணலின் அளவுதான். 20 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு சுவருக்கு 0.6 கன மீட்டர். இரு சுவர்களுக்கும் 1.2 கன மீட்டர் மணல், 0.4 கன மீட்டர் விழுது. சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பூசுவதற்கு முந்தைய நாள் செங்கல்லை நனையுங்கள். முதல் கோட் 8 முதல் 10 மில்லிமீட்டர். அதற்குமேல் கனமானால் வெடிக்கும். இறுகத் தொடங்கும்போது குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், அடுத்த கோட் பிடிக்க. ஒரு வாரமாவது இடைவெளி. இரண்டாவது கோட், பிறகு நுண்மணல் சேர்த்த மெல்லிய கடைசிக் கோட். ஏர்வெல் பக்கம் வெயில் நேரடியாகப் படும் இடங்களில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெல்லக் காயச் செய்யுங்கள். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் வேகவைத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாத ஆளைக் கலவை அருகே விடாதீர்கள்.

வேலையாள் ஒரு கை சிமெண்ட் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் அந்த ஒரு கையால் பூச்சு காற்றுவிடும் தன்மையை இழக்கும். இதை ஒப்பந்தத்தில் தடையாக எழுதி, கலக்கும் நேரத்தில் ஆள் நின்று பாருங்கள். கடையில் வாங்கும் தூள் சுண்ணாம்பு என்றால் மூட்டை புதியதா என்று பாருங்கள். திறந்து கிடந்தது வெறும் சாக்கட்டித் தூளாகியிருக்கும், பிடிக்காது.

ஓதத் தடுப்பு மருந்தைச் சுவரில் துளையிட்டு ஏற்றுவதும் உண்டு. பொதுச் சுவரின் மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரர் சிமெண்ட் பூசியிருந்தால் அதன் பயன் பாதியாகும். அவரோடு பேசிச் சேர்ந்து செய்ய முடிந்தால் செய்யுங்கள். தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டால் தரைக்கடியில் உள்ள ஈரம் முழுவதும் சுவரைத் தேடிப் போகும். மணலும் சுண்ணாம்பும் விரித்து அதன்மேல் டெரகோட்டா ஓடு பதிப்பது நல்லது.

9. மரம்

மக்கிய முனையை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தைச் சாய்வு இணைப்பில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள், அல்லது பொறியாளர் சொல்லும் எஃகுத் தகடு வையுங்கள். முழு உத்தரத்தையும் மாற்றும் செலவு பெரும்பாலும் தேவையில்லாதது. சுவருக்குள் முனை அமரும் குழியைச் சிமெண்டால் அடைக்காமல் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். கறையான் வேலையைத் தரை பதிக்கும் முன்பே முடியுங்கள்.

10. வர்ணமும் பெயர்ப்பலகையும்

சுண்ணாம்பு வர்ணத்தை மெல்லிய நான்கைந்து கோட்டாக அடியுங்கள். என்ன நிறம் என்று தெரியாவிட்டால் அஞ்சடியின் உட்சுவரில் தபால்தலை அளவுக்குச் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் தெரியும். பெயர்ப்பலகை முகப்பின் காற்றுத்துளைகளையும் சுதைப்பூவையும் மறைக்கக் கூடாது. ஏர்கான் பெட்டி முகப்பில் தொங்கக் கூடாது.

11. முடிக்கும் காகிதமும் முதல் ஆண்டும்

கட்டட அனுமதி பெற்ற வேலை என்றால், முடிவுச் சான்றிதழைத் தருவது சமர்ப்பித்த நிபுணர்; மாநகர் மன்றம் அல்ல. ஆகவே அவருக்கான கடைசித் தவணையை அந்தச் சான்றிதழோடு கட்டிவையுங்கள். தொழில் உரிமத்துக்கு அதுவும் தீயணைப்பு ஒப்புதலும் கேட்கப்படும். கான்ட்ராக்டரின் தொகையில் ஒரு பகுதியைக் குறைநிவர்த்திக் காலத்துக்கு நிறுத்தி வையுங்கள். அந்தக் காலம் ஒரு மழைப் பருவத்தையாவது கடக்கும்படி, அக்டோபர் இறுதிக்குப் பின் முடியுமாறு தேதி போடுங்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் கூரைக்கு ஆள் ஏற்றிப் பீலியைத் துப்புரவு செய்து, ஏர்வெல் சாக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.